நீல விசிறியும் கல்யாண டிவிடியும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பேச்சிமுத்து அண்ணாச்சி. வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர். பத்து நாள் லீவில் தாராவிக்கு வந்திருந்தார். அன்று பத்தாவது நாள்.

இசக்கி மைனி. அவர் மனைவி. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

செல்வி. அவர்களுடைய ஒரே மகள். கல்யாணமாகி மூன்று மாதம். கம்ப்யூட்டர் அவளுடையது. வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்துச் சம்பாதித்து வாங்கியது.

மாப்பிள்ளை கண்ணன். செம்பூர். ஆபீஸ் வேலை. சட்டைப் பையில் ஒரு சிடி வைத்திருந்தார்.

சங்கரபாண்டி பெரியவர். அண்ணாச்சிக்கு அண்ணன். கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று மகளைக் கைபிடித்துக் கொடுத்தவர்.

கடைசியில் நான். ஸ்குரூ டிரைவரோடு தரையில்.

வேண்டிய காரியம் ஒன்றுதான். அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குச் சந்து முனைக்கு டாக்ஸி வந்துவிடும். அப்போது மணி பன்னிரண்டே கால்.

வீடியோக்காரர்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சியின் லீவை அங்கே நிறுத்திவிட்டார்கள். அவர் வரவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மண்டபம். அவர் இல்லாமலே தாலி கட்டியாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து லீவு கொடுத்தார்கள். வந்தவர் முதல் நாளே கல்யாண டிவிடியைக் கேட்டார். வீடியோக்காரர் கொடுக்கவில்லை. பாட்டு சேர்க்கணும் என்றார். பூ தூவுவதுபோல் செய்யணும் என்றார். தினம் ஒரு காரணம். பத்தாம் நாள் காலை மைனியே போய் அவர் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு டிவிடி கைக்கு வந்தது.

வீட்டில் டிவிடி பிளேயர் கிடையாது. கம்ப்யூட்டர் இருந்தது. போன கோடையில் அதன் சிடி டிரைவ் கெட்டபோது டிவிடி டிரைவாக நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அன்றுவரை அதில் யாரும் டிவிடி போட்டதில்லை. அதனால் படம் காட்டுகிற சாஃப்ட்வேரும் உள்ளே இல்லை.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. சோறு பாதியில் கை கழுவிவிட்டுப் போனேன்.

டீக்கடையில் சொன்னது

அண்ணாச்சி வந்த இரண்டாம் நாள் நாங்கள் தொண்ணூறு அடி ரோட்டில் டீ குடித்தோம். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நானும் இல்லை. அதனால் ஒத்துப்போகும்.

டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு எல்லாருக்கும் போன் போட்டேன்லே. எல்லாரும் ஒண்ணே சொன்னாவ. நல்லா நடந்துச்சு, ஒரு கொறையும் இல்லன்னு."

"ம்."

"நான் இல்லாம ஒரு கொறையும் இல்ல. சந்தோசந்தான்."

அவர் மறுபடி டம்ளரை ஊதினார்.

"செல்வி அன்னைக்கு போனுக்கே வரல. இப்பவும் கேட்டா பதில் வருது. அவளா ஒண்ணும் பேச மாட்டேங்கா."

டம்ளரை வைத்தார். எழுந்துவிட்டோம். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் டிவிடியை ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

என் நோட்டு

நான் ஏழாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு லெதர் பை தைத்தேன். தோல் வேலை குறைந்ததும் கம்ப்யூட்டர் சாமான் கடையில் மானிட்டர் தூக்கினேன். தூக்கிப் போன இடத்தில் மாட்டுவதைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து மாட்டினேன். இதையெல்லாம் இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன்.

இங்கிலீஷ் எழுத்து தெரியும். கூட்டி வாசிக்க நேரமாகும். கம்ப்யூட்டருக்குள் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டில் பெயரைப் பொடி எழுத்தாகப் போட்டிருப்பார்கள். அதனால் ஒரு நோட்டு போட்டேன். எந்த வீட்டில் எந்த கிராபிக்ஸ் கார்டு பார்த்தாலும் அதைப் படமாக வரைந்துகொள்வேன். பச்சை போர்டா, சிவப்பு போர்டா. அதன்மேல் சூடு தணிக்கிற விசிறி என்ன நிறம். எத்தனை இறக்கை. பக்கத்திலேயே, அந்தக் கார்டுக்கு எந்த டிவிடி சாஃப்ட்வேர் ஒத்துப்போயிற்று என்று ஒரு குறி. சாஃப்ட்வேர் சிடிகளுக்கும் பெயர் வைக்கவில்லை. மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தேன். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, இரட்டைக் கோடு.

படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மேஸ்திரி மாதிரி

ஏன் கார்டுக்குக் கார்டு வேறு சாஃப்ட்வேர் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பை தைக்கிற பட்டறையை வைத்துத்தான் சொல்லத் தெரியும்.

டிவிடிக்குள் படத்தைச் சின்னதாக மடித்து வைத்திருப்பார்கள். ஓடும்போது அதை வேகமாகப் பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பிராசசர் பிரிக்கும். ஆனால் அது ஒரே ஆள். அதற்கு வேறு நூறு வேலை உண்டு. சில கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் அந்தப் பிரிக்கிற வேலை பாதி தெரியும்.

சாஃப்ட்வேர்தான் மேஸ்திரி. எங்கள் பட்டறையில் ஒரு நல்ல மேஸ்திரி இருந்தார். யாருக்கு ஜிப் வரும், யாருக்கு விளிம்பு வரும் என்று அவருக்குத் தெரியும். பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். இன்னொருவர் வந்தார். அவருக்கு ஆள் தெரியாது. எல்லாவற்றையும் ஒருத்தன் தலையில் கட்டுவார். அவன் திணறுவான். பாதிப் பை ஓட்டையாகப் போகும்.

டிவிடியில் ஓட்டை என்றால் படம் தாவுவது. முடியாததைப் பிராசசர் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நடுவில் இருந்தது போனது போனதுதான்.

மாட்டுங்கா மாமா

மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமா. பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். கச்சேரி டிவிடி நிறைய வைத்திருந்தார். ஒருநாள் கூப்பிட்டார்.

"பாருப்பா. வாய் ஒரு பக்கம் போறது, பாட்டு ஒரு பக்கம் போறது. மிருதங்கக்காரன் கை நின்னப்புறம் சத்தம் வரது. எனக்குத் தலை சுத்தறது."

கேபினெட்டைத் திறந்தேன். பச்சை போர்டு, நீல விசிறி. கார்டோடு வந்த பெட்டியைக் கேட்டேன். மாமா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அலமாரியில் இருந்தது. உள்ளே ஒரு சிடி, பிரிக்காமல். கார்டு செய்தவர்களே அந்தக் கார்டுக்கென்று ஒரு டிவிடி சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். அதைப் போட்டேன். வாயும் பாட்டும் சேர்ந்துகொண்டன.

மாமா அரைமணி நேரம் பார்த்தார். பிறகு, "இப்பத்தான் இவன் தாளம் தப்பறது தெரியறது" என்றார்.

அந்தச் சிடிக்கு ஒரு பிரதி எடுத்துப் பச்சைக் கோடு போட்டேன். நோட்டில் நீல விசிறி வரைந்தேன். ஒரு வருஷத்தில் மாமாவின் கார்டு செத்தது. விசிறி சாகவில்லை. கழற்றிப் பையில் போட்டு வைத்தேன்.

அந்த விசிறியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

புது மாப்பிள்ளை

நான் என் சிடி கவரைப் பிரிக்கும் முன்னே மாப்பிள்ளை தன் சிடியை நீட்டினார்.

"அண்ணா, இதைப் போடுங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதுதான். ஏக்தம் கிளியர், சுத்தமா தெரியும்."

அது நல்ல சாஃப்ட்வேர்தான். புதுக் கம்ப்யூட்டருக்கு. செல்வியுடையதுக்குத் தாங்காது என்று எனக்குப் பார்த்ததும் தெரியும். ஆனால் கல்யாணமாகி மூன்று மாதம். புது மாப்பிள்ளை கையால் கொண்டுவந்ததை மாமனார் வீட்டில் வைத்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. மைனி என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் பார்த்தார்.

"போடுவோம் மாப்பிள்ளை" என்றேன்.

ஏற்ற இருபது நிமிஷம். ஓடியது. பளபளப்பான பொத்தான்கள். மண்டபம் தெரிந்தது. மைனி கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் படம் தாவியது. வாசலில் நின்ற ஆள் அடுத்த நொடி பந்தியில் இருந்தார். செல்வி மணவறைக்கு நடந்து வரவில்லை. மணவறையில் இருந்தாள்.

"ஆளு தெரியுதுல்லா, போதும் தம்பி" என்றார் மைனி.

"இது யாரு, நானா?" என்றார் பெரியவர். "நான் இப்படியா வெட்டி வெட்டி நடக்கேன்?"

"நீங்க எப்பவும் அப்படித்தான் அத்தான்" என்றார் மைனி.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"முழுசா தெரியாதாலே?"

மாப்பிள்ளை காதிலும் விழுந்தது. அவர் நல்ல மனுஷர். "என்னுது சரிப்படலண்ணா. உங்களுதைப் போடுங்க" என்று அவரே சொன்னார். அந்தச் சொல்லுக்காக முக்கால் மணி நேரம் போயிருந்தது.

கறுப்புச் சதுரம்

கேபினெட்டைத் திறந்தேன். பச்சை போர்டு. நீல விசிறி. நோட்டைத் திறந்தேன். நீல விசிறிக்குப் பச்சைக் கோடு. சந்தேகமே இல்லை. ஏற்றினேன்.

நாதஸ்வரம் வந்தது. தவில் வந்தது. யாரோ சிரிக்கிற சத்தம்கூடத் தெளிவாக வந்தது. படம் இல்லை. திரை நடுவில் கறுப்பாக ஒரு சதுரம்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் ஆறு பேரும் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரேடியோல கல்யாணம் கேட்ட மாதிரி இருக்கு" என்றார் பெரியவர்.

எடுத்தேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி கறுப்பு. மணி இரண்டரை. பக்கத்தை மறுபடி சரிபார்த்தேன். நோட்டு அதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

அப்போது செல்வி பேசினாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சித்தப்பா, அது அந்தக் கார்டு விசிறி இல்லையே."

"எது?"

"இந்த நீலம். பழைய விசிறி கத்துதுன்னு நான்தான் உங்ககிட்ட சொன்னேன். டிவிடி டிரைவ் மாட்டுன அன்னைக்கு நீங்கதான மாத்துனீங்க."

நான் விசிறியைப் பார்த்தேன். மாட்டுங்கா மாமாவின் விசிறி. என் கையால் நானே மாட்டியது. விசிறியை வைத்துக் கார்டை அடையாளம் பார்க்கிறவன் விசிறியை மாற்றலாமா? மாற்றினால் நோட்டிலாவது எழுத வேண்டாமா?

"மொட்டையடிச்சவனத் தலைமுடிய வச்சுத் தேடுன கதையால்லா இருக்கு" என்றார் பெரியவர்.

"பழசு என்ன நிறம் செல்வி?"

"கறுப்பு."

என் நோட்டில் கறுப்பு விசிறி நாலு பக்கத்தில் இருந்தது. நாலுக்கும் வேறு வேறு கோடு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நேரம் இல்லை.

மைனி அடுப்புப் பக்கம் போனார். டப்பாக்களை நகர்த்துகிற சத்தம். ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பழைய சாவி, பித்தான், பல்ப் மூடி. அதற்கடியில் கறுப்பு விசிறி.

"சாமான எதுக்குத் தூரப் போடணும்" என்றார்.

இறக்கைகளை எண்ணினேன். ஏழு. நோட்டில் ஏழு இறக்கைக் கறுப்பு ஒரு பக்கத்தில்தான் இருந்தது. பக்கத்தில் சிவப்புக் கோடு.

சிவப்புக் கோடு

மணி மூன்று. படம் வந்தது.

தாவவில்லை. செல்வி நடந்தாள். ஒவ்வொரு அடியாக நடந்தாள். மாலையில் ஒரு பூ உதிர்ந்தது, அது கீழே விழுகிற வரைக்கும் தெரிந்தது. வீடியோக்காரர் போட்ட ரோஜாகூட நிதானமாகச் சுற்றியது.

அண்ணாச்சி பனியனோடு இருந்தார். பயணத்துக்குப் பேன்ட் மட்டும் மாற்றியிருந்தார். மைனி டீ கொண்டுவந்து வைத்தார். ஆடை படிந்தது. அவர் எடுக்கவில்லை. மடியில் கையை வைத்திருந்தார். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல் கணுக்களில் நகர்ந்தது. ஏதோ சாமி பேர் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தாலி கட்டி முடிந்தது. கெட்டிமேளம் நின்றது.

"ஏட்டி செல்வி."

"என்னப்பா."

"தலையக் குனிஞ்சிருக்க. திடீர்னு நிமிந்து அங்கன பாக்க. மறுபடி குனியுத. மறுபடி பாக்க. அங்கன என்ன இருக்கு?"

நானும் அப்போதுதான் யோசித்தேன். ஆமாம். கண் மட்டும் ஒரு வெட்டு வெட்டி மேலே போகும். திரும்பிவிடும். அரை நொடிகூட இருக்காது. மாப்பிள்ளையின் சிடியில் அது கண்ணிலேயே படவில்லை.

"மண்டப வாசலத்தான பாக்க?"

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அவளக் கேக்காத. என்னைக் கேளு. ஒனக்கு லீவு இல்லன்னு முந்துன நாளே எனக்குத் தெரியும். காலைல அலங்காரம் பண்ணவிடாம அழுதுக்கிட்டு இருந்தா. மையெல்லாம் கரஞ்சு போச்சு. நான் என்ன செய்ய? ஒங்கப்பன் பிளைட்டு எறங்கிட்டான், டாக்ஸில வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன்."

"நீரு பொய் சொன்னீரா?"

"சொன்னேன். கல்யாண வீடு. ஆயிரம் பொய் சொல்லலாம். நான் ஒண்ணுதான் சொன்னேன்."

மைனி பெட்டியைக் கட்டுவதை நிறுத்தியிருந்தார். அவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "எனக்கு இப்பத்தான் தெரியுது மாமா. பக்கத்துல உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? இவ வாசலையே பார்த்துட்டு இருந்தா. என்னைப் பிடிக்கல, எந்திரிச்சு ஓடப்போறான்னு நெனச்சேன். தாலிய வேகமா கட்டுனது அதுக்குத்தான்."

செல்விக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"தாலி கட்டுற வரைக்கும் வந்துருவீங்கன்னுதான்பா நெனச்சேன்" என்றாள். "அதுக்கப்புறம்தான் கோவம் வந்துச்சு."

"எம்மேலயா?"

"எல்லார் மேலயும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, அவ மணவறைக்கு வாரதுல இருந்து திரும்பப் போடு."

போட்டேன். இந்தத் தடவை செல்வி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். இவங்க மாப்பிள்ளையோட அத்தை. இவரு ரசத்துக்குச் சண்டை போட்டவரு. வாய் ஓயவில்லை. அண்ணாச்சி ம், ம் என்று கேட்டார். கட்டைவிரல் மட்டும் மறுபடி கணுக்களில் நகர்ந்தது. சாமி பேர் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

டாக்ஸி

ஐந்துக்கு டாக்ஸி வந்தது. பெட்டியை நான் தூக்கினேன். பழைய பழக்கம். மானிட்டரைவிடக் கனம் குறைவு.

சந்து முனைவரை எல்லோரும் வந்தார்கள். செல்வி அப்பா கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அங்கே போனதும் போன் போடுங்க, முதல்ல என்கிட்ட பேசுங்க என்றாள். மாப்பிள்ளை முன் ஸீட்டில் ஏறினார், ஏர்போர்ட் வரை போக.

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கொறையும் இல்லன்னாவல்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"இருந்திருக்குலே."

முகம் நன்றாக இருந்தது. பத்து நாளில் அப்படி நான் பார்க்கவில்லை.

"எத்தன தடவன்னு எண்ணுனியா?"

"இல்ல."

"நான் எண்ணினேன். ரெண்டு மட்டம் எண்ணினேன். சரியா வந்துச்சு."

டாக்ஸி நகர்ந்துவிட்டது. எத்தனை என்று அவர் சொல்லவில்லை.

நான் திரும்ப அவர்கள் வீட்டு மாடிக்குப் போனேன். கேபினெட் திறந்தபடியே கிடந்தது. மைனி சோறு போட்டார். மீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நோட்டில் ஏழு இறக்கைக் கறுப்பு இருந்த பக்கத்தை எடுத்தேன். 'இப்போது நீல விசிறி' என்று முதலில் எழுதினேன்.

பிறகு மாப்பிள்ளையின் சிடியிலிருந்து ஏற்றிய சாஃப்ட்வேரில் கல்யாணத்தை ஒரு தடவை ஓட்டினேன். மணவறைக்கு வந்ததிலிருந்து தாலி வரை. செல்வி நிமிர்ந்து பார்த்ததை எண்ணினேன். நாலு.

சிவப்புக் கோட்டில் ஓட்டினேன். எண்ணினேன். நோட்டில் விசிறிக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பதினாலு.